கொழுப்பு எரிக்கும் நொதியை 280 வெள்ளி கொடுத்து வாங்க வேண்டுமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார்: “வயது 56. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிக்லசைட் எடுக்கிறேன். ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு என்றார்கள். பக்கத்து லயத்துப் பெண் ஒரு டப்பா 280 வெள்ளிக்குத் தருகிறார். ஏஎம்பிகே என்ற சுவிட்சைப் போட்டால் கொழுப்பு தானாக எரியுமாம், கிளினிக் மாத்திரையை விட்டுவிடலாமாம். வாங்கலாமா?”

வாங்காதீர்கள், சகோதரி. மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.

ஏஎம்பிகே கட்டுக்கதையல்ல. நம் செல்களுக்குள் இருக்கும் நொதி அது. செல்லில் சக்தி குறைந்ததும் விழித்துக்கொண்டு, புதுக் கொழுப்பு தயாரிக்கும் இன்னொரு நொதியை அடக்கும். அது அடங்கினால், செல்லின் சக்தி உலையான மைட்டோகாண்ட்ரியாவின் வாசலை மறித்துக்கொண்டிருந்த பொருளும் குறையும். கொழுப்பு உள்ளே போய் எரியும். நீங்கள் பால்மரம் வெட்டிய காலத்தில் உங்கள் தசைகளில் இது விடியற்காலையிலேயே தொடங்கியிருக்கும். இப்போது பேரப்பிள்ளையோடு வீட்டில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நடை குறைந்தால் நொதிக்கும் வேலை குறையும். அதோடு தே தாரிக்கும் பிஸ்கட்டும் நாள் முழுக்கத் தொடர்ந்தால் இன்சுலின் இறங்க நேரமே கிடைக்காது. இன்சுலின் ஏறியிருக்கும்வரை, சேமித்த கொழுப்பை அவிழ்க்கும் நொதிகள் அடங்கியே கிடக்கும்.

நீங்கள் விழுங்கும் மெட்ஃபார்மினும் கல்லீரலில் ஏஎம்பிகேவைத் தூண்டுவதுதான். 2001-லேயே ஆய்வாளர்கள் இதைக் காட்டிவிட்டார்கள். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிக்குப் பார்த்து, மருந்தும் வாங்கி வருகிறீர்கள். அதை விட்டுவிட்டு 280 வெள்ளி கொடு என்கிறார் ஏஜெண்ட்! ஆய்வுக்கூடத் தட்டில் ஒரு மூலிகைச் சத்து இந்த நொதியைத் தூண்டினால் போதும், அடுத்த மாதமே அது டப்பாவில் ஏறிவிடுகிறது. டப்பாவில் ‘எம்.ஏ.எல்.’ (MAL) என்று தொடங்கும் அரசாங்க மருந்துப் பதிவு எண் இருக்கிறதா, அது அந்தப் பொருளுக்கே உரியதா என்று பாருங்கள். இருந்தாலும் கொழுப்பு கரையும் என்று அர்த்தமில்லை. இல்லாவிட்டால் தொடவே வேண்டாம். மெலிய வைக்கும் சரக்குகளில் சிபுட்ரமின் என்ற பசியடக்கும் மருந்து கலந்து பிடிபட்டது பலமுறை. ரத்த அழுத்தத்தையும் இதயத்துடிப்பையும் ஏற்றுவது அது. 2010-லேயே பல நாடுகள் சந்தையிலிருந்து எடுத்துவிட்டன.

ஏஜெண்ட் உங்கள் வீட்டில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுகிறார். கிளினிக்கில் காலை முழுக்கக் காத்திருந்து ஐந்து நிமிடம், “சோற்றைக் குறைங்க, அடுத்த தேதி இது” என்று அனுப்பிவிடுகிறார்கள். மாத்திரை எதற்கென்று விளக்க ஆளில்லாத இடத்தில்தான் இந்த வியாபாரம் செழிக்கிறது. எத்தனை வருடமாகச் சொல்லியும் மாறவில்லை.

கல்லீரல் கொழுப்பு குறைய எடை குறைய வேண்டும். 80 கிலோ என்றால் முதலில் 4 கிலோ. தினமும் அரை மணி நேரம் வேகமாக நடங்கள்.

ஆனால் கிளிக்லசைட் எடுப்பதால் ஒன்றைக் கவனமாகக் கேளுங்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை திடீரென விழுவது அபூர்வம். கிளிக்லசைட் அப்படியல்ல. நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு நடக்காதீர்கள். தைப்பூச விரதத்துக்கு முன்பே டாக்டரிடம் கேட்டு அளவை மாற்றிக்கொள்ளுங்கள். கை நடுங்கி, குப்பென்று வியர்த்து, பசி பிடுங்கினால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து விரலைக் குத்திச் சர்க்கரை அளவைப் பாருங்கள். 4-க்கு (mmol/L) கீழே இருந்தால் மறுபடி குடியுங்கள். சரியானதும் சாப்பாடு. மயக்கம் வந்தவரின் வாயில் மட்டும் எதையும் ஊற்றக்கூடாது, உடனே 999-ஐ அழைக்க வேண்டும். இதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள்.