வாசகர் கேள்வி – பதில்: குமணவில் பறவை பார்க்க, கூடாரம் போட

கேள்வி: டிசம்பர் பாடசாலை விடுமுறையில் குமண தேசியப் பூங்காவில் கூடாரம் போட்டுத் தங்க நினைக்கிறோம். பறவைகள் கூடு கட்டியிருப்பதைப் பார்க்கலாமா? – வாசகி, வவுனியா

பதில்: டிசம்பரில் பார்க்க முடியாது. குமண வில்லு என்ற சதுப்பு ஏரியைச் சூழ்ந்த கண்டல் மரங்களில் கூழைக்கடா, சங்குவளை நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன் எல்லாம் கூடு கட்டுவது ஏப்ரல் முதல் ஜூலை வரை. மே, ஜூன்தான் உச்சம். டிசம்பரில் ஊசிவால் வாத்தும் உள்ளான்களும் வந்திருக்கும். ஆனால் மழையில் காட்டுப்பாதை சேறாகி ஜீப் புதையும். ஜூன், ஜூலையில் கதிர்காமப் பாதயாத்திரைக்காரர் உகந்தை முருகன் கோயில் வழியாக இந்தக் காட்டைக் கடக்கும் நாட்களில் நுழைவாயிலில் சனம் கூடும். ஆகவே மே மாதத்தைப் பிடியுங்கள். தங்குமிடத்தை வனஜீவராசிகள் திணைக்களத்தில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்.

கூட்டுக்குக் கிட்டப் போகக் கேட்காதீர்கள். தாய்ப்பறவை எழும்பினால் காகம் முட்டையைத் தூக்கிவிடும். நடுப்பகல் வெயிலில் நிழல் இல்லாமல் கிடக்கும் குஞ்சு வெகு சீக்கிரம் செத்துப்போகும்.

கேள்வி: ஆற்றங்கரை மணலில் கூடார முளை நிற்பதில்லையே? – வாசகர், திருகோணமலை

பதில்: கூடாரத்தோடு வரும் குட்டை முளை மணலில் பிடிக்காது. முழங்கை நீளத் தடி ஒன்றின் நடுவில் கயிற்றைக் கட்டுங்கள். ஓர் அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, கயிறு இழுக்கும் திசைக்குக் குறுக்காகத் தடியைப் படுக்க வையுங்கள். மணலை மூடித் தண்ணீர் தெளித்து மிதித்து இறுக்கிவிட்டால், கடல்காற்றுக்கும் அசையாது. காட்டில் தடி வெட்டக் கூடாது, வீட்டிலிருந்தே கொண்டு போங்கள்.

கும்புக்கன் ஓயா ஆற்றின் காய்ந்த படுக்கையில் மட்டும் கூடாரம் வேண்டாம். ஊவா மலையில் மழை பெய்தால் இங்கே வானம் வெளித்திருக்கும்போதே வெள்ளம் வரும். மருத மரத்தின் பட்ட கிளைக்குக் கீழேயும் வேண்டாம். ஆற்றில் முதலை உண்டு; குளிக்கவோ பானை கழுவவோ இறங்காதீர்கள். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லீற்றர் தண்ணீர் கொண்டு போங்கள். பழமும் கருவாடும் கூடாரத்துக்குள் இருந்தால் யானையும் கரடியும் மணம் பிடித்து வரும். எல்லாவற்றையும் ஜீப்புக்குள் வைத்துப் பூட்டுங்கள்.

கேள்வி: தொலைநோக்கி 10×50 வாங்கலாமா? – வாசகர், கல்முனை

பதில்: ஜீப்பிலிருந்து பார்ப்பதற்கு 8×42 போதும் (முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீற்றரில்). பத்து மடங்கில் கை நடுக்கமும் பத்து மடங்காகத் தெரியும், பாரமும் கூட. சாரதியிடம் எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு, அரை கிலோ அரிசி நிரப்பிய துணிப் பையை ஜன்னல் விளிம்பில் வைத்து, அதன்மேல் தொலைநோக்கியை ஊன்றிப் பாருங்கள்.