மெட்டல் டிடெக்டரோடு சாங்கியிலிருந்து மெல்பர்ன் போகலாமா?

கேள்வி: டிசம்பர் விடுமுறையில் தங்கம் தேட மெல்பர்ன் பக்கம் போகிறேன். மெட்டல் டிடெக்டரைக் கைப்பையில் வைப்பதா, செக்-இன் பெட்டியில் போடுவதா? சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் பிடித்து வைப்பார்களா?

நான் மூன்று தடவை எடுத்துப் போயிருக்கிறேன். மெஷினைப் பார்த்து ஒருவரும் பயப்படவில்லை. முதல் தடவை கண்ட்ரோல் பாக்ஸை எக்ஸ்ரேயில் பார்த்துவிட்டுப் பையைத் திறக்கச் சொன்ன தமிழ்ப் பெண்மணி, இது என்னவென்று நான் சொன்னதும், "என்ன அண்ணே, எங்க வேலைக்கே போட்டியா?" என்று சிரித்துவிட்டு அனுப்பிவிட்டார். நான் மாட்டிக்கொண்டதெல்லாம் மெஷினோடு கூடப்போன சாமான்களால்தான். ஒரு தடவை தோண்டும் கத்தி, இன்னொரு தடவை மண்.

கத்திக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். தோண்டுவதற்கு ஒரு பக்கம் ரம்பப் பல் வைத்த சின்னக் கரண்டி ஒன்று இருக்குமே, அதைக் கைப்பையின் பக்கவாட்டு ஜிப்பில் போட்டுவிட்டு மறந்தே போய்விட்டேன். சாங்கியில் டெர்மினல் 1, 2, 3 எல்லாவற்றிலும் சோதனை கேட் வாசலில்தான் நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். பாஸ்போர்ட் முடிந்து, பெட்டி உள்ளே போய், காப்பியும் குடித்து முடித்த பிறகு அங்கே கத்தி கிடைத்தால் திரும்பிப் போய் செக்-இன் செய்ய வழியில்லை, குப்பைத் தொட்டிதான். வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத கரண்டி. இப்போதெல்லாம் முந்தின இரவே கைப்பையைக் கவிழ்த்து உதறிவிட்டுத்தான் அடுக்குகிறேன். தோண்டும் சாமான், ஸ்க்ரூடிரைவர், கத்தி எதுவானாலும் செக்-இன் பெட்டியில் போகட்டும். பெரிய பிக்காக்ஸை இங்கிருந்து தூக்கிப் போகவே வேண்டாம், எடைக்குக் காசு கொடுத்து மாளாது. அங்கே பன்னிங்ஸ் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

அடுத்தது பேட்டரி. பலர் குழம்புவது இங்கேதான். கழற்றி எடுக்கக்கூடிய லித்தியம் பேட்டரியும் உபரி பேட்டரியும் கைப்பையில்தான் வரவேண்டும், செக்-இன் பெட்டியில் போடவே கூடாது. காரணம் எளிது: லித்தியம் தீப்பிடித்தால் கேபினில் ஆள் இருக்கிறார்கள், அடியில் சரக்கு அறையில் இல்லை. அளவு வாட்-ஹவரில் பார்ப்பார்கள். வோல்ட்டை ஆம்பியர்-ஹவரால் பெருக்கினால் வரும். 7.4 வோல்ட், 10 ஆம்பியர்-ஹவர் என்று போட்டிருந்தால் 74 வாட்-ஹவர். 100 வரை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. 100க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், உபரி இரண்டுதான். 160ஐத் தாண்டினால் பயணியின் பையில் இடமே கிடையாது. நல்லவேளையாக டிடெக்டர் பேட்டரிகள் அநேகமாக 100க்குக் கீழேதான் இருக்கும். பேட்டரி மேல் எழுத்து அழிந்துபோயிருந்தால்தான் வாக்குவாதம் வரும், அதனால் மேனுவலில் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வையுங்கள். உபரி பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்டிவிடுங்கள், சில்லறைக் காசோடு ஒரே ஜிப்பில் போடாதீர்கள்.

எக்ஸ்பி டியூஸ் மாதிரி மாடல் வைத்திருந்தால் ஒரு விஷயம். அதில் காயிலுக்குள்ளேயே, அதாவது தண்டின் அடியில் தரையைத் துழாவும் வளையத்துக்குள்ளேயே, பேட்டரி இருக்கிறது. வெறும் வளையம்தானே என்று பெட்டியில் போட்டுவிடாதீர்கள், அதுவும் உங்களோடு கைப்பையில் வரட்டும். கேரட் (Garrett) ஏஸ் 300 மாதிரி நான்கு டபுள் ஏ செல்லில் ஓடும் மெஷினென்றால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. பவர் பேங்கும் உபரி பேட்டரிக் கணக்குதான். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஸ்கூட் இரண்டிலும் அதை வைத்துப் போகலாம், ஆனால் 2025 ஏப்ரல் 1 முதல் பறக்கும்போது அதில் எதையும் சார்ஜ் போடக்கூடாது.

சரி, என் வழக்கம் இது: கண்ட்ரோல் பாக்ஸ், பேட்டரி, ஹெட்போன் கைப்பையில். தண்டு, பேட்டரி இல்லாத காயில், பின்பாயிண்டர் (குழிக்குள் சரியான இடத்தைக் காட்டும் சின்னக் கைக்கருவி) செக்-இன் பெட்டியில். தண்டைக் கழற்றிக் குறுக்காக வைத்தால் நடுத்தரப் பெட்டியிலேயே அடங்கிவிடும். காயிலை ஜீன்ஸ், துண்டுகளுக்கு நடுவில் படுக்க வையுங்கள், தண்டோடு சேரும் காது மாதிரியான பகுதிதான் முதலில் உடையும். பின்பாயிண்டரில் செல்லைக் கழற்றிவிடுங்கள். பெட்டிக்குள் தானாக ஆன் ஆகிக் கீச்சுக் கீச்சென்று கத்தும் பெட்டியை யாருக்கும் பிடிக்காது.

இப்போது மண். இரண்டாவது தடவை போனபோது முதல் பயணத்துச் செம்மண் என் பூட்ஸ் அடியிலும், காயிலின் அடிமூடிக்குள்ளும் அப்படியே காய்ந்து கிடந்தது. ஆஸ்திரேலியா மண்ணை ஆஸ்திரேலியாவுக்கே திருப்பிக் கொண்டுபோனாலும் அவர்களுக்கு அது வெளிநாட்டு மண்தான்! வருகை அட்டையில் மண் ஒட்டிய சாமான் இருக்கிறது என்று டிக் செய்திருந்ததால் தப்பித்தேன். அதிகாரி பூட்ஸை வாங்கிக் கழுவிக் கொடுத்தார், அரை மணி நேரம் போனது. டிக் செய்யாமல் போயிருந்தால் அபராதம். ஆகவே கிளம்புமுன் காயில் மூடியைக் கழற்றி, பழைய டூத்பிரஷ் வைத்துத் தேய்த்து, தண்டின் உட்பக்கம்கூடத் தண்ணீர் விட்டு அலசிவிடுங்கள். அப்படியும் சந்தேகமாக இருந்தால் அறிவித்துவிடுவதே மேல்.

அப்புறம், விக்டோரியா மாநிலத்தில் தேட 'மைனர்ஸ் ரைட்' என்ற அனுமதி வேண்டும். இது நம்மூர் மைனர் இல்லை, சுரங்கத் தொழிலாளி. இங்கிருந்தே இணையத்தில் வாங்கலாம், பத்து வருஷம் செல்லும். தனியார் நிலத்தில் உரிமையாளர் சம்மதம் தனியாக வேண்டும், தேசியப் பூங்காக்கள் பெரும்பாலும் கிடையாது. நான் போவது டனோலி பக்கம். 1869ல் எழுபது கிலோவுக்கு மேலான 'வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்' கட்டி கிடைத்த மோலியாகுல் அங்கேதான், 1980ல் ஒருவர் டிடெக்டர் வைத்தே 27 கிலோ கட்டியை எடுத்த கிங்கோவரும் அதே வட்டாரம். நான்கு நாளில் எனக்குக் கிடைத்தது அரை கிராமுக்கும் குறைவு. "இதுக்கு முஸ்தபா நகைக்கடைக்கே போயிருக்கலாம்" என்றார் என் மனைவி. டிசம்பரில் அங்கே கடும் கோடை, புதரில் பாம்பு நடமாட்டமும் அதிகம். முடிந்தால் ஜூன் விடுமுறைக்கு மாற்றுங்கள்.

என் மைத்துனர் கேட்டதுபோல நீங்களும் இதை ஊருக்கு எடுத்துப் போகலாமா என்று யோசித்தால், இந்தியாவில் 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் ஒன்று இருக்கிறது. மண்ணில் கிடைத்தது பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே கலெக்டரிடம் சொல்ல வேண்டும். தாத்தா வீட்டுக் கொல்லையானாலும் அதே கதைதான். நான் எடுத்துப் போகவில்லை.

திரும்பி வரும்போது ஒன்றை மறக்காதீர்கள். அந்தக் காடுகளில் தங்கத்தைவிட ஈயக் குண்டும் பழைய தோட்டா உறையும்தான் அதிகம் சிக்கும், எல்லாம் இடுப்புப் பைக்குள் போய்விடும். அதோடு விமான நிலையத்துக்குப் போனால், பழசோ வெற்று உறையோ, எக்ஸ்ரேயில் தோட்டா தோட்டாவாகத்தான் தெரியும். சிங்கப்பூருக்குள் அனுமதியில்லாமல் கொண்டுவந்தால் விசாரணை வரை போகும். கடைசி நாள் ராத்திரி அந்தப் பையை ஒரு நியூஸ்பேப்பர் மேல் கொட்டி, ஒவ்வொன்றாகப் பார்த்துப் பொறுக்குங்கள். டிடெக்டர் வாங்கிய ரசீதையும் போனில் வைத்திருங்கள், திரும்பும்போது அங்கே புதிதாக வாங்கியதோ என்று சுங்கத்தில் கேட்டால் ஜிஎஸ்டி பேச்சு வராமல் காட்டிவிடலாம்.