காது மெஷின் இல்லாம எடுத்த மெமரி டெஸ்ட்ல மார்க் குறைவு, டிமென்ஷியாவா?

அந்த ஒரு மார்க்க வச்சு அப்பாவுக்கு டிமென்ஷியா, அதாவது மறதி நோய்னு முடிவு பண்ணாதீங்க. டெஸ்ட் அப்போ மெஷின் போடலைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, எனக்கு முதல் சந்தேகம் அதுலதான்.

இந்த டெஸ்ட்ல அஞ்சு வார்த்தைய வாய்ல சொல்லிட்டு கொஞ்ச நேரம் கழிச்சு கேப்பாங்க. 'முகம்'னு சொன்னது 'நகம்'னு விழுந்திருந்தா அவர் நகம்னுதான் சொல்வார், தாள்ல அது மறதின்னு ஏறிடும். அதோட, சரியா கேக்காதப்ப மூளை ஒவ்வொரு வார்த்தையையும் ஊகிச்சுப் பிடிக்கறதுலயே செலவாகிடும், ஞாபகத்துல ஏத்த தெம்பு மிச்சமிருக்காது.

1. மெஷின் போட்டு, சத்தமில்லாத ரூம்ல, வேற வெர்ஷன்ல திரும்ப எடுக்கச் சொல்லுங்க. எழுதிக் காட்டிக் கேக்கற மாதிரி மாத்தின டெஸ்டும் இருக்கு.
2. வீட்ல அஞ்சு வார்த்தைய பேப்பர்ல காட்டி, அஞ்சு நிமிஷம் கழிச்சு கேளுங்க. எழுத்துல நல்லா சொன்னா காது பக்கம் சந்தேகம் கூடும், ஆனா இது டயக்னோசிஸ் இல்ல.

மெஷின் மறதிய தடுக்குமான்னு கேட்டீங்கள்ல, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஃப்ராங்க் லின் குழு 2023ல வெளியிட்ட அச்சீவ்ங்கற காது மெஷின் ஆராய்ச்சில 70லேர்ந்து 84 வயசு வரைக்கும் காது சரியா கேக்காத 977 பேர, மெஷின் கொடுத்தவங்க, கொடுக்காதவங்கன்னு பிரிச்சு 3 வருஷம் பார்த்தாங்க, மொத்தமா எடுத்தா வித்தியாசம் தெரியல, ஏற்கனவே மறதி வர்ற ரிஸ்க் அதிகமா இருந்த பிரிவுல மட்டும், மெஷின் போட்டவங்களுக்கு ஞாபகம், யோசிக்கற திறன் சரியறது 48% குறைஞ்சுது. அதனால உறுதி சொல்ல முடியாது, ஆனா போட்டுப் பழகறது கண்டிப்பா நல்லது.

தெரிஞ்ச வழியே தப்புது, பணக் கணக்கு குழம்புதுன்னா மெஷின் பழகட்டும்னு காத்திருக்காம நியூராலஜிஸ்ட்டப் பாருங்க.