புது சைபர்பங்க் பாயின்ட் அண்ட் க்ளிக் கேமுக்கு வெயிட் பண்றீங்களா? நியானை விடுங்க, புதிரைப் பாருங்க

வந்த கேள்வி இதுதான்: "பழைய பிக்சல் ஸ்டைல்ல ஒரு சைபர்பங்க் பாயின்ட் அண்ட் க்ளிக் கேம் வரப்போகுதுன்னு ட்ரைலர் பார்த்தேன், மழை, நியான் போர்டு, சிந்த் மியூசிக்னு செம்மையா இருக்கு, பார்த்ததுலேர்ந்து அதே நெனப்பா இருக்கேன். ஆனா நான் இதுவரைக்கும் ஷூட்டிங்கும் ரேஸும்தான் ஆடியிருக்கேன், இந்த வகை ஆடினதே இல்ல. லேப்டாப்பும் பழசு, 4 ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. வந்த அன்னிக்கே வாங்கிடலாமா, எனக்கு பிடிக்குமான்னு முன்னாடியே எப்படி தெரிஞ்சுக்கறது, அதுவரைக்கும் எதை ஆடி பழகலாம்?"

முதல்ல நேரா பதில் சொல்லிடறேன். இப்போதைக்கு காசு எதுவும் கட்ட வேண்டாம், கேம் விக்கற ஆன்லைன் கடையான ஸ்டீம்ல விஷ்லிஸ்ட்ல போட்டு வச்சிடுங்க, டெமோ வந்தா கண்டிப்பா ஆடிப் பாருங்க, அதுவரைக்கும் இலவசமா கிடைக்கிற "பினீத் எ ஸ்டீல் ஸ்கை"யை இறக்கி ஆட ஆரம்பிங்க. விஷ்லிஸ்ட்ல போடறது உங்களுக்கு ஞாபகப்படுத்த மட்டும் இல்லீங்க, சின்ன டீம் செய்யற கேமுக்கு எத்தனை பேர் காத்திருக்காங்கன்னு தெரியற ஒரே கணக்கு பெரும்பாலும் அதுதான், அதனால பைசா செலவில்லாம நீங்க செய்யக்கூடிய பெரிய உதவியும் அதுவே.

இப்ப ட்ரைலர் விஷயத்துக்கு வரேன், ஏன்னா உங்க கேள்வியோட உயிர் அங்கதான் இருக்கு. சைபர்பங்க்னா டெக்னாலஜி உச்சத்துல இருந்தும் வாழ்க்கை மோசமா இருக்கற எதிர்கால நகரத்துக் கதை. மழையும் நியானும் ஊதா வெளிச்சமும் எந்த சைபர்பங்க் ட்ரைலர்லயும் இருக்கும், அதை வச்சு கேம் நல்லாருக்குமான்னு சொல்லவே முடியாது. இந்த வகை கேம்ல நீங்க அதிக நேரம் செய்யப்போறது ஒரே ஒரு வேலை, ஒரு அறைக்குள்ள நின்னுக்கிட்டு எதை எடுக்கணும், யார்கிட்ட என்ன கேட்கணும், எதை எதோட சேர்க்கணும்னு யோசிக்கறது. அதனால ட்ரைலரை இன்னொரு தடவை போட்டு மியூசிக்கை ம்யூட் பண்ணிட்டு பாருங்க. ஹீரோ எதையாவது கையில எடுக்கறானா, இன்வென்டரி, அதாவது எடுத்த பொருளெல்லாம் இருக்கற பை, கண்ணுல படுதா, ஒரு மெஷினைத் திறந்து ஏதாவது மாத்தறானா, இல்ல சும்மா நடந்து போய் மழையில நிக்கறானா? நான் பார்க்கற அளவுகோல் இதுதான்: அந்த நியானையெல்லாம் கழட்டிட்டாலும் புதிர் சைபர்பங்க் புதிராவே இருக்கணும். ஒரு சாவியைத் தேடி ஒரு கதவைத் திறக்கறதுன்னா அது எந்தக் கதையிலயும் வர்ற புதிர். அந்தக் கதவுக்கே ஒரு புத்தி இருந்து அதுகிட்ட பேசி சம்மதிக்க வைக்கணும்னா அங்கதான் இந்த வகையோட ருசி இருக்கு.

இதைப் புரிஞ்சுக்க பினீத் எ ஸ்டீல் ஸ்கையை விட நல்ல பாடம் இல்ல. 1994ல இங்கிலாந்தோட ரெவல்யூஷன் சாஃப்ட்வேர் செஞ்சது, சார்லஸ் செசில் தலைமையில, படம் போட்டது வாட்ச்மென் காமிக்ஸ் வரைஞ்ச டேவ் கிப்பன்ஸ். 2003லயே அதை இலவசமா விட்டுட்டாங்க, ஸ்கம்விஎம் (பழைய அட்வென்ச்சர் கேமை இப்போதைய மெஷின்ல ஓட வைக்கற இலவச மென்பொருள்) தளத்துலயும் ஜிஓஜிங்கற ஆன்லைன் கேம் கடையிலயும் சட்டப்படியே கிடைக்குது. ஹீரோ பேரு ராபர்ட் ஃபாஸ்டர், ஊருக்கு வெளியில பாலைவனத்துல வளர்ந்தவன், அவனை யூனியன் சிட்டிக்கு பிடிச்சுக்கிட்டு வரும்போது ஹெலிகாப்டர் விழுந்துடுது, அங்கேர்ந்து கதை. அந்த ஊருல உயரமான தளங்கள்ல தொழிற்சாலையும் புகையும் கூலிக்காரங்களும், கீழ இறங்க இறங்கத்தான் பணக்காரங்க, நாம பழகின கணக்குக்கு நேர் தலைகீழ். இந்த ஒரு விஷயத்தை ஒருத்தரும் உட்கார வச்சு விளக்க மாட்டாங்க, லிஃப்ட்ல இறங்கும்போது நீங்களே பார்த்து தெரிஞ்சுக்குவீங்க.

ஆரம்பமே எப்படின்னு கொஞ்சம் கிட்டக்க போய் பார்க்கலாம். ரீசைக்கிளிங் பிளான்ட்ல நிக்கறீங்க, கதவு திறக்கல, படிக்கட்டு கம்பி ஒண்ணு லூசா இருக்கு, அதைக் கழட்டி கதவை நெம்பணும். இது சாதாரணப் புதிர்தான். ஆனா ஃபாஸ்டர் பாக்கெட்ல ஒரு சர்க்யூட் போர்டு இருக்கு, அதுதான் அவன் ஃபிரண்ட் ஜோயி, அதாவது ஜோயியோட மொத்த மனசும் அந்த போர்டுலதான். கீழ ஒரு செத்துக் கிடக்கற ரோபோ உடம்பு இருக்கு, அதுல போர்டை சொருகினா ஜோயி எழுந்துக்கறான், எழுந்த உடனே இந்த உடம்பு பிடிக்கலைன்னு புலம்பறான். பிறகு வெல்டிங் பண்ற மெஷினோட உடம்பு கிடைக்குது, அதுல போனா அவனால முன்னாடி முடியாத வேலை முடியுது, அவன் குணமே கொஞ்சம் மாறின மாதிரி தெரியுது. மனசை ஒரு உடம்புலேர்ந்து இன்னொரு உடம்புக்கு மாத்தறதுங்கற அந்தப் பெரிய சைபர்பங்க் கேள்வியை வசனத்துல சொல்லாம உங்க கையாலயே செய்ய வச்சுட்டாங்க பாருங்க, 1994ல! அதைத்தான் புதுசா வர்ற கேம்லயும் தேடச் சொல்றேன்.

ஆடும்போது ரெண்டு மூணு விஷயம் தெரிஞ்சா போதும். இடது க்ளிக் பண்ணா பார்ப்பான், வலது க்ளிக் பண்ணா எடுப்பான், பேசுவான், தொடுவான். கர்சரை ஸ்க்ரீன் உச்சிக்கு கொண்டு போனா இன்வென்டரி இறங்கும். எஃப்5 அழுத்தினா சேவ் பண்ற பலகை வரும், அதை அடிக்கடி அழுத்துங்க, இந்த கேம்ல சில இடத்துல செத்தும் போவீங்க.

இது முடிச்சுட்டா அடுத்து காசு கொடுத்து வாங்க வேண்டியது ஜெமினி ரூ, 2011ல வந்தது, ஜாஷுவா நியூர்ன்பெர்கர்ங்கற ஒருத்தர் மாணவரா இருக்கும்போதே ஆரம்பிச்சு செஞ்சது, வெளியிட்டது வாட்ஜெட் ஐங்கற கம்பெனி. எப்பவும் மழை பெய்யற ஒரு ஊர், அஸ்ரியல் ஓடின்னு ஒரு முன்னாள் கொலையாளி யாரையோ தேடி வர்றான். தேடறதுன்னா நிஜமாவே தேடல், டெர்மினல்ல பேரைப் போட்டுப் பார்க்கணும், வர்ற விவரத்தை கம்யூனிகேட்டர்ல சேர்த்து வச்சுக்கணும், அப்புறம் அந்த நம்பருக்கு கூப்பிடணும். கண், கை, வாய்க்கு தனித்தனி ஐகான் இருக்கற மாதிரி காலுக்கும் ஒண்ணு இருக்கு, உதைக்கறதுக்கு. நடுநடுவுல மறைஞ்சு நின்னு சுடற காட்சியும் வரும், ஷூட்டிங் ஆடி வந்த உங்களுக்கு அது ஒரு ஆறுதலா இருக்கும்னு நினைக்கிறேன், ஆனா கேமோட பலம் அது இல்ல.

என் மனசுக்கு ரொம்பப் பிடிச்சது டெக்னோபாபிலான். ஜேம்ஸ் டியர்டன் முதல்ல குட்டி இலவச எபிசோடா செஞ்சு, அப்புறம் முழு கேமா 2015 மே மாசம் வாட்ஜெட் ஐ மூலமாவே வந்தது, கதை நடக்கறது 2087ல நியூட்டன்ங்கற நகரத்துல. ஹீரோயின் பேரு லதா செசமி, வீட்டை விட்டு வெளிய வரவே பயப்படற பொண்ணு, எந்நேரமும் ட்ரான்ஸ்னு சொல்ற அந்த நெட்வொர்க்குக்குள்ளயே கிடக்கிறவ. முதல் காட்சியில அவ ரூம் கதவு திறக்கல. வெளிய வரணும்னா ட்ரான்ஸுக்குள்ள போய் வீட்டுல இருக்கற மெஷின்களோட புத்திகிட்டயே பேசணும். அதே அறைதான், நிஜத்துல பார்த்தா ஒரு மாதிரி, ட்ரான்ஸுக்குள்ள பார்த்தா வேற மாதிரி, ரெண்டுக்கும் நடுவுல போய்ப் போய் வந்துதான் வழி பிடிக்கணும். இன்னொரு பக்கம் ரீஜிஸ்னு ஒரு போலீஸ்காரர், அவருக்கு இந்த ட்ரான்ஸ் சமாச்சாரமே ஆகாது. அவர் கதையில புதிரும் அதுக்கு ஏத்த மாதிரி மாறுது, பேச்சும் விசாரணையும்தான் அதிகம். ஆள் யாரோ அவங்க குணத்துலேர்ந்தே புதிர் பிறக்குது.

நீங்க பார்த்த ட்ரைலருக்கு ரொம்ப பக்கத்துல வர்றது 2020ல வந்த விர்ச்சுவாவெர்ஸ். வாலன்பெர்க்கோட பிக்சல் ஓவியம் ஒவ்வொரு ஃப்ரேமும் கண்ணை எடுக்க முடியாது, மியூசிக் மாஸ்டர் பூட் ரெக்கார்ட்ங்கற பேர்ல இசை போடறவரோடது, வெளியிட்டதே ப்ளட் மியூசிக்ங்கற மியூசிக் லேபிள்தான். ஆனா புதுசா இந்த வகைக்கு வர்றவங்களுக்கு இதை முதல்ல ஆடுங்கன்னு நான் சொல்ல மாட்டேன், ஏன்னா புதிர் ரொம்ப நீளமான சங்கிலி, ஒண்ணுக்கு இன்னொண்ணு, அதுக்கு வேறொண்ணுன்னு போய்க்கிட்டே இருக்கும், எதுக்கு இதைச் செய்யறோம்னே மறந்துடும். 90களோட அழகை எடுத்துக்கும்போது 90களோட பிடிவாதத்தையும் சேர்த்தே எடுத்துக்கிட்டாங்கன்னு எனக்கு தோணுச்சு. உங்க கேம்லயும் இது நடக்கலாம், அதை டெமோல கண்டுபிடிச்சுடலாம். டெமோ ஆடும்போது ரெண்டு விஷயம் கவனிங்க. தப்பான பொருளை தப்பான இடத்துல பயன்படுத்தினா ஹீரோ என்ன சொல்றான்? எல்லாத்துக்கும் "அது வேலைக்கு ஆகாது"ன்னு ஒரே வரி வந்தா உஷாராகிடுங்க, ஏன் ஆகாதுன்னு ஒரு குறிப்போட பதில் வந்தா அந்த டீம் உங்களை மனசுல வச்சு எழுதியிருக்காங்க. அடுத்தது, தொடக்கூடிய இடத்தையெல்லாம் காட்டற பட்டன் இருக்கா. இருட்டுப் பின்னணியில நாலு பிக்சல் அளவு பொருளை தடவித் தடவித் தேடறது யோசனையும் இல்ல, விளையாட்டும் இல்ல.

லேப்டாப்பைப் பத்தி கவலைப்பட வேண்டாம். ஜெமினி ரூவும் டெக்னோபாபிலானும் அட்வென்ச்சர் கேம் ஸ்டுடியோங்கற இன்ஜின்ல, அதாவது கேம் செய்யற மென்பொருள்ல செஞ்சது, உங்க மெஷினுக்கு அதெல்லாம் ஒரு சுமையே இல்ல, பினீத் எ ஸ்டீல் ஸ்கைக்கு ஸ்கம்விஎம் ஃபோன்லயே ஓடும். புது கேம் மட்டும் எந்த இன்ஜின்னு பார்த்துக்கணும், பிக்சல் ஸ்டைலா இருந்தாலும் மழை, வெளிச்சம், புகைன்னு மேல மேல எஃபெக்ட் போட்டிருந்தா தனி கார்டு இல்லாத மெஷின் திணறலாம், ஸ்டோர் பக்கத்துல இருக்கற மினிமம் தேவையைப் பாருங்க, டெமோவே கடைசி தீர்ப்பு.

இதைவிட முக்கியம் ஸ்கேலிங், அதாவது கேம் படத்தை ஸ்க்ரீன் அளவுக்கு பெருசாக்கறது, யாரும் சொல்லித் தர மாட்டேங்கறாங்க. பழைய லேப்டாப்னா ஸ்க்ரீன் பெரும்பாலும் 1366×768 ஆ இருக்கும். கேம் 640×360ல வரைஞ்சிருந்தா சரியா ரெண்டு மடங்குன்னா 1280×720, 320×180னா நாலு மடங்கு, அதே 1280×720, சுத்தி கொஞ்சம் கருப்பு பட்டை இருக்கும் ஆனா ஒவ்வொரு பிக்சலும் ஒரே அளவு சதுரமா இருக்கும். ஃபுல் ஸ்க்ரீனா இழுத்தா ஒரு பிக்சல் ரெண்டு புள்ளி அகலம், பக்கத்துல இருக்கறது மூணு புள்ளின்னு ஆகி எழுத்தும் முகமும் கோணலாத் தெரியும், நடக்கும்போது பின்னணி நெளியற மாதிரி இருக்கும். அதனால செட்டிங்ஸ்ல இன்டிஜர் ஸ்கேலிங் (முழு மடங்குல மட்டும் பெருசாக்கறது) இருந்தா ஆன் பண்ணிடுங்க. பினீத் எ ஸ்டீல் ஸ்கைக்கு மட்டும் கதை வேற, அது 320×200, அந்தக் காலத்து 4:3 மானிட்டர்ல பிக்சல் கொஞ்சம் உயரமா நீண்டு தெரியும்னு கணக்கு வச்சு வரைஞ்சது, அதனால ஸ்கம்விஎம்ல ஆஸ்பெக்ட் ரேஷியோ கரெக்ஷனை ஆன் பண்ணுங்க, இல்லேன்னா எல்லாரும் கொஞ்சம் குட்டையா, அகலமா தெரிவாங்க.

இங்க்லீஷ் பேச்சு வேகமா போகுதேன்னு நிறைய பேர் இந்த வகையை பாதியில விட்டுடறாங்க, அதுக்கும் வழி இருக்கு. சப்டைட்டில் ஆன் பண்ணுங்க, ஸ்கம்விஎம்ல சப்டைட்டில் வேகத்தையும் குறைச்சுக்கலாம். கூடவே ஒரு பேப்பர் வச்சுக்கோங்க, பேரு, இடம், பாஸ்வேர்டு, யாராவது ரெண்டு தடவை சொன்ன விஷயம், இதையெல்லாம் தமிழ்லயே குறிச்சு வச்சா பாதி புதிர் அந்தப் பேப்பர்லயே அவிழ்ந்துடும். ஷூட்டிங் ஆடற கைக்கு வேகம்தான் பழக்கம், இங்க எதுவும் அவசரம் இல்ல, மாட்டிக்கிட்டா மூடி வச்சுட்டு மறுநாள் வாங்க.

தேதியை நம்பி லீவு மட்டும் போட்டுடாதீங்க. சின்ன டீம்னா தள்ளிப் போறது சகஜம், குரல் பதிவு ஒண்ணே மாசக்கணக்குல இழுக்கும், பினீத் எ ஸ்டீல் ஸ்கைக்கு அடுத்த பாகமா பியாண்ட் எ ஸ்டீல் ஸ்கை 2020லதான் வந்துச்சு, 26 வருஷம் கழிச்சு. ஸ்டீம்ல நெக்ஸ்ட் ஃபெஸ்ட்னு பிப்ரவரி, ஜூன், அக்டோபர் வாக்குல நடக்கும், இந்த மாதிரி கேமோட டெமோ பெரும்பாலும் அப்பதான் வெளிய வரும், அந்த நாளை மட்டும் பார்த்துக்கிட்டே இருங்க.

கேம் வந்ததும் வாங்கினா ஸ்டீம்ல ரீஃபண்ட் கேட்க 14 நாள் டைம், அதுக்குள்ள ரெண்டு மணி நேரத்துக்கு குறைவா ஆடியிருக்கணும். புதிர்ல மாட்டிக்கிட்டு கேமைத் திறந்தபடியே விட்டுட்டு டீ குடிக்கப் போனாலும் அந்த நேரமும் சேர்ந்துதான் ஓடும், அதனால முதல் நாள் யோசிக்கப் போகும்போது சேவ் பண்ணி மூடிட்டுப் போங்க. ரொம்ப மாட்டிக்கிட்டா முழு வாக்த்ரூவை, அதாவது எல்லா விடையும் இருக்கற குறிப்பைத் திறக்காதீங்க, யூனிவர்சல் ஹின்ட் சிஸ்டம்னு ஒரு தளம் இருக்கு, அங்க குறிப்பை ஒவ்வொண்ணா மட்டும் திறக்கலாம், முதல் ரெண்டு குறிப்பே பெரும்பாலும் போதும்.