காற்றாலை வண்டிகள் உடைத்த சாலை: முதலில் அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள்

வணக்கம். தோவாளை வட்டாரத்திலுள்ள உங்கள் ஊரில், காற்றாலை இறகு ஏற்றிவந்த டிரெய்லர்கள் ஊராட்சிச் சாலையை உடைத்துவிட்டதாகவும், ஊராட்சியும் நிறுவனமும் ஒருவரையொருவர் கைகாட்டுவதாகவும் எழுதியிருந்தீர்கள். முப்பந்தல் பக்கம் இருக்கும் எனக்கும் இது நேர்ந்தது. சாலைக்கடியில் போட்டிருந்த குழாய் நசுங்கி, வாழைக்குப் போக வேண்டிய தண்ணீர் பாதையிலேயே தேங்கி நின்றது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் 6(1) பிரிவின்கீழ், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஊராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவு வசதியுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) மனு அனுப்புங்கள். 'ஏன் சரிசெய்யவில்லை' என்று கேட்டால் பயனுள்ள பதில் வராது. சாலையைப் பயன்படுத்த அளித்த அனுமதி, அதற்கான தீர்மானம், வைப்புத்தொகை பெற்றிருந்தால் அதன் ரசீது என ஆவணங்களைக் குறிப்பிட்டு நகல் கேளுங்கள். தனியார் நிறுவனம் நேரடியாக இச்சட்டத்துக்குள் வராது என்றாலும், அரசு அலுவலகம் சட்டப்படி அதனிடமிருந்து பெறக்கூடிய தகவலை அந்த அலுவலகத்தின் வழியாகக் கேட்க முடியும். 30 நாளில் பதில் இல்லையெனில், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள்.

எனக்குக் கிடைத்த அனுமதிக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், சாலையைப் பழையபடி சீரமைத்துத் தர வேண்டும் என்ற நிபந்தனை தெளிவாக இருந்தது. அதைக் கிராம சபையில் உரக்கப் படித்து, தீர்மானப் பதிவேட்டில் எழுதவைத்த பிறகே வேலை நகர்ந்தது. அடுத்த கிராம சபைக்குள் நகல் கையில் கிடைக்கும்படி, மனுவை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்; மனு போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள்.