கிட்டார் திரும்ப வந்துச்சு, ஸ்பீக்கர் பாக்ஸ்?

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சென்னைல காலேஜ் மூணாவது வருஷம் படிக்கிறேன், பேர் போட வேண்டாம் ப்ளீஸ். நானும் ரெண்டு ஃப்ரெண்ட்ஸும் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பீச்சுல கிட்டார் வாசிச்சு பாடுவோம். கிட்டார் பையை திறந்து வெச்சு ஒரு கியூஆர் கோடும் ஒட்டியிருப்போம், குடுக்கிறவங்க குடுப்பாங்க. போன மாசம் போலீஸ் வந்து பெர்மிஷன் இருக்கான்னு கேட்டாங்க. இல்லன்னதும் கிட்டாரையும் சத்தத்தை கூட்டற சின்ன ஆம்பையும் எடுத்துக்கிட்டாங்க, "பிச்சை எடுக்கத்தான் படிச்சியா"ன்னு வேற சொன்னாங்க. கொஞ்ச தூரத்துல கண்ணு தெரியாத ஒரு ஐயா கரோக்கே போட்டு பாடிட்டு இருந்தாரு, அவரோட ஸ்பீக்கர் பாக்ஸையும் அதே ஜீப்ல ஏத்துனாங்க. அப்பா யார்கிட்டயோ பேசினதுல எங்க பொருள் மறுநாளே கிடைச்சிருச்சு. இங்கிலாந்துப் பாடகர் எட் ஷீரனையே பெங்களூர்ல நிறுத்தினாங்க, நாமெல்லாம் எம்மாத்திரம்னு ஃப்ரெண்டு சொல்றான். நெஜமாவே நம்ம நாட்டுல தெருவுல பாடுறது சட்டப்படி தப்பா? லைசன்ஸ்னு ஒண்ணு இருந்தா அது எங்க வாங்கணும்?

அன்புடன்,
ஒரு வாசகன்

*

தம்பிக்கு வணக்கம்,

கடிதத்தை மூணு தடவ படிச்சேன். கேள்விக்கு பதில் சொல்லிடறேன், ஆனா நீங்க போற போக்குல எழுதிட்டு தாண்டிப் போன ஒரு வரி இருக்கு, அதைப் பத்திதான் எனக்கு அதிகமா பேசணும்.

முதல்ல எட் ஷீரன். 2025 பிப்ரவரி 9, ஞாயித்துக்கிழமை, பெங்களூர் சர்ச் ஸ்ட்ரீட் நடைபாதைல அவர் பாடிக்கிட்டு இருக்கும்போதே ஒரு போலீஸ்காரர் வந்து மைக் வயரைப் பிடுங்கினார், வீடியோவ நீங்களும் பாத்திருப்பீங்க. அங்க கூட்டம் ஜாஸ்தி ஆகும்னு நாங்க பெர்மிஷன் குடுக்கலன்னு போலீஸ் சொன்னாங்க, அதே இடத்துக்கு எங்ககிட்ட பெர்மிஷன் இருந்துச்சுன்னு அவர் சொன்னார். யார் சொன்னது சரிங்கிறத விட எனக்கு பட்டது வேற, இவ்வளவு பெரிய டீமை வெச்சிருக்கிற ஒருத்தருக்கும், அந்த ஊர் போலீசுக்கும், பெர்மிஷன் இருக்கா இல்லையாங்கிற ஒரு சின்ன விஷயத்துலயே ஒத்துப்போக முடியலன்னா, யார்கிட்ட கேக்கணும், யார் குடுக்கணும், எத்தனை நாளுக்குள்ள குடுக்கணும்னு எங்கயும் ஒழுங்கா எழுதி வெக்கலன்னுதான அர்த்தம்.

உங்க கேள்விக்கு நேரா வர்றேன். தெருவுல பாடலாம்னு சொல்ற சட்டமும் இந்தியாவுல இல்ல, தெருவுல பாடுறதே குத்தம்னு சொல்ற பொதுச் சட்டமும் இல்ல. நீங்க கேக்கிற மாதிரி தெருவுல பாடுறவனுக்குன்னு ஒரு லைசன்ஸும் இல்ல. பேசவும் பாடவும் அரசியல் சட்டத்தோட 19(1)(அ) பிரிவு இருக்கு, பிழைப்புக்கு 19(1)(எ) பிரிவுல தொழில் உரிமை இருக்கு. 1989ல சோதன் சிங் வழக்குல சுப்ரீம் கோர்ட் அரசியல் சாசன அமர்வு நடைபாதைல வியாபாரம் பண்றதும் தொழில் உரிமைக்குள்ளதான் வரும்னு சொல்லிடுச்சு, ஆனா இதே இடம் எனக்கு வேணும்னு கேக்க முடியாது, அரசு ஒழுங்குபடுத்தலாம்னும் சொல்லுச்சு. கொய்யாப்பழம் விக்கிறவருக்கு உள்ள அந்த உரிமை பாட்டு பாடுறவருக்கு ஏன் இருக்கக்கூடாதுன்னு எனக்கு ஒரு காரணமும் தெரியல.

அப்புறம் எதை வெச்சு புடிக்கிறாங்க? எல்லாம் வேற வேலைக்குன்னு எழுதின சட்டங்கள்தான். வழிய மறிச்சு நின்னா பாரதிய நியாய சன்ஹிதா 285, 5000 ரூபா வரைக்கும் அபராதம் (பழைய ஐபிசி 283ல இது 200 ரூபாதான்). பொதுத் தொல்லைன்னு சொல்லி 292, அதுல 1000 வரைக்கும். ஆம்ப் வெச்சிருந்தா 2000ம் வருஷத்து ஒலி மாசு விதிகள், அதுப்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துப்பூர்வமா அனுமதி வாங்கியே ஆகணும், ராத்திரி 10லேர்ந்து காலைல 6 வரைக்கும் தெறந்த வெளில கூடவே கூடாது, ஆஸ்பத்திரி, ஸ்கூல், கோர்ட் சுத்தி 100 மீட்டர் அமைதி மண்டலமா இருக்கலாம். அதனால உண்மைய சொல்லணும்னா உங்க கிட்டார் மேல கேஸ் போட அவங்களுக்கு பெருசா ஒண்ணும் இல்ல, அந்த சின்ன ஆம்ப் மேல இருக்கு. அதை மறைச்சு உங்களுக்கு ஆறுதல் சொல்ல நான் விரும்பல.

சத்தத்தை நான் லேசா எடுத்துக்கல. லண்டன்ல லெஸ்டர் சதுக்கம்னு தெருப்பாட்டுக்குப் பேர் போன இடம் இருக்கு, அங்க பக்கத்துல ஆபீஸ் வெச்சிருக்கிற ஒரு ரேடியோ கம்பெனி, ஒரே பாட்டை நாள் பூரா ஸ்பீக்கர்ல கேட்டு வேலை பாக்க முடியலன்னு கோர்ட்டுக்கு போச்சு, 2025 மார்ச்ல அது தொல்லைதான்னு தீர்ப்பு வந்து, ஏப்ரல்லேர்ந்து அங்க தெருக்கலையையே கவுன்சில் நிறுத்தி வெச்சுச்சு. மேல் மாடில குடியிருக்கிற பாட்டிக்கும் காது இருக்கு. ஆனா சத்தம் அதிகம்னா சத்தத்துக்கு கேஸ் போடுங்க, டெசிபல் மீட்டர் எடுத்துட்டு வாங்க. "பிச்சை எடுக்கத்தான் படிச்சியா"ன்னு கேக்க எந்த விதில இடம் இருக்கு?

அந்த வார்த்தை அந்த ஏட்டு வாய்ல சும்மா வரல தம்பி. அது சட்டப் புத்தகத்துலேர்ந்து வந்த வார்த்தை. 1959ம் வருஷத்து பம்பாய் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம் எடுத்துப் பாருங்க, பொது இடத்துல பாட்டு பாடறது, ஆடறது, ஜோசியம் சொல்றது, வித்தை காட்டறதுன்னு எந்த சாக்குல காசு வாங்கினாலும் அது பிச்சைன்னு விளக்கம் குடுத்திருக்கு. சாக்கு! பாட்டு ஒரு சாக்காம். பிடிபட்டா முதல் தடவையே ஒரு வருஷத்துலேர்ந்து மூணு வருஷம் இல்லத்துல அடைக்கலாம், திரும்பத் திரும்ப மாட்டினா 10 வருஷம் வரைக்கும். அந்தச் சட்டத்தைத்தான் டெல்லிக்கும் நீட்டினாங்க, 2018 ஆகஸ்ட்ல டெல்லி ஹைகோர்ட் அதோட முக்கியமான பிரிவுகளை செல்லாதுன்னு அடிச்சுது, வறுமைய குத்தமாக்க முடியாதுங்கிறது அதோட சாரம். நம்ம ஊர்லயும் 1945லேர்ந்தே பிச்சை தடுப்புன்னு தனிச் சட்டம் இருக்கு. ரயில்ல இன்னும் மோசமா இருந்துச்சு, 1989 ரயில்வே சட்டம் 144வது பிரிவு, விக்கிறவரையும் கை ஏந்துறவரையும் ஒரே பிரிவுல கட்டி ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் இல்லன்னா 2000 ரூபா வரைக்கும் அபராதம்னு ரொம்ப காலம் வெச்சிருந்துச்சு. பீச்லேர்ந்து தாம்பரம் போற வண்டில கழுத்துல ஸ்பீக்கர மாட்டிக்கிட்டு, ஒரு கை மைக், ஒரு கை அடுத்தவர் தோள்னு பாடிட்டு வந்தவங்க எல்லாரும் தினமும் இந்தப் பிரிவுக்கு கீழதான் நடந்தாங்க.

இன்னும் பின்னால போனா 1871 குற்றப்பரம்பரைச் சட்டம். நம்ம பக்கம் அதை கைரேகைச் சட்டம்னு சொல்வாங்க, அதுக்கு கீழ வந்த சமூகங்கள்ல ஊர் ஊரா போய் வித்தை காட்டி பிழைச்சவங்களும் இருந்தாங்க. அந்தச் சட்டத்துல ரெண்டாவது பகுதின்னு ஒண்ணு இருந்தது நிறைய பேருக்கு தெரியாது. வடக்கே, பதிவு பண்ணப்பட்ட திருநங்கைகள் பொதுத் தெருவுல ஆடினாலோ வாத்தியம் வாசிச்சாலோ ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில்னு அதுல எழுதியிருந்தது. இதைப் படிச்ச அன்னிக்கு எனக்கு ராத்திரி தூக்கம் வரல. தெருவுல யார் ஆடறாங்கன்னு பாத்துத்தான் அது கலையா குத்தமான்னு இந்த நாட்டுச் சட்டம் முடிவு பண்ணியிருக்கு.

நான் இதை வெளில நின்னு பேசல. 90கள் ஆரம்பத்துல எழுத்தறிவு சொல்லிக் குடுக்க அறிவொளி இயக்கம் நடந்தப்போ எங்க மாவட்டத்துல கலைக்குழுவுல இருந்தேன், பறை, ரெண்டு பாட்டு, ஒரு வீதி நாடகம், ஒரு நாளைக்கு மூணு ஊர், முச்சந்தில நின்னு பறைய அடிச்சா அஞ்சு நிமிஷத்துல ஊரே கூடிடும், கலெக்டர் ஆபீஸ் ஜீப் எங்களுக்கு முன்னால போகும், எந்த போலீசும் வழி மறிக்குதுன்னு சொன்னதே இல்ல. ரெண்டு வருஷம் கழிச்சு அதே ஆளுங்க, அதே பறை, சொந்தமா ஒரு நாடகம் போட்டோம், சாராயத்தைப் பத்தி. இந்த தடவ ஸ்டேஷனுக்கு கூப்பிட்டாங்க, ஸ்கிரிப்ட் எங்கன்னு கேட்டாங்க. 1954ம் வருஷத்து நாடக நிகழ்ச்சிகள் சட்டம் தமிழ்நாட்டுல உயிரோட இருக்குன்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். வெள்ளைக்காரன் 1876ல நாடகத்தை அடக்க போட்ட சட்டத்தோட பேரப்பிள்ளை அது. வீதி நாடகத்துக்கு ஸ்கிரிப்ட் எங்க இருக்கும், பாதி அங்க நிக்கிற ஜனங்க பேசறதுதான.

அந்த 1954 சட்டத்தை எதிர்த்து நாடகக்காரரும் எழுத்தாளருமான பரீக்‌ஷா ஞாநி ஹைகோர்ட்டுக்குப் போனார். 2013ல அது அரசியல் சாசனத்துக்கு விரோதம்னு சென்னை ஹைகோர்ட் தீர்ப்பு சொல்லுச்சு. நாடகக்காரங்க ஸ்கிரிப்டை தூக்கிட்டு போலீஸ் கமிஷனர் ஆபீஸ்ல நிக்கிற காலம் அதோட முடிஞ்சிருக்கணும். ஞாநி 2018 ஜனவரில போய்ட்டார், அதே மாசம்தான் 1876 தாய்ச் சட்டத்தையும் டெல்லில ரத்து பண்ணாங்க. அந்த 1954 சட்டம் விழுந்தது ஒரு ஆள் கோர்ட்டுல போய் நின்னதால, அதனாலதான் இவ்வளவு விவரமா சொல்றேன்.

வெளிநாட்டு லைசன்ஸ் பத்தி நண்பர்கள் ஆசையா பேசுவாங்க. சிங்கப்பூர்ல தேசிய கலை மன்றம் ஆடிஷன் வெச்சு, தேறினவங்களுக்கு அட்டை குடுத்து, குறிச்ச இடத்துல பாட விடுது. சுத்தமாத்தான் நடக்குது. ஆனா அதை அப்படியே இங்க கொண்டு வந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. ஆடிஷன் டேபிள்ல யார் உக்காருவாங்க? கர்நாடக சங்கீதம் தெரிஞ்சவர் ஒருத்தர், சினிமாக்காரர் ஒருத்தர், அதிகாரி ஒருத்தர். நீங்க பாஸ் ஆயிடுவீங்க. ரயில்ல பாடறவர் ஸ்ருதி விலகுதுன்னு ஃபெயில் ஆவார், கழைக்கூத்தாடி குடும்பம் ஃபார்மே வாங்காது, குடுகுடுப்பைக்காரரை வாட்ச்மேன் கேட்டுக்குள்ளயே விடமாட்டார். அப்புறம் அட்டை இல்லாதவங்கள விரட்டறதுக்கு புதுசா ஒரு சட்டபூர்வமான காரணம் கிடைச்சிடும். அதனால எனக்கு தரம் பாக்கிற லைசன்ஸ் வேண்டவே வேண்டாம். இடம், நேரம், சத்தம், இந்த மூணை மட்டும் எழுதி போர்டுல ஒட்டுங்க. எப்படி பாடறான்னு அரசாங்கம் பாக்க வேண்டாம், அதை நின்னு கேக்கிற ஜனம் பாத்துக்கும்.

2014 தெரு வியாபாரிகள் சட்டத்துல தெரு வியாபாரிங்கிறதுக்கு விளக்கம் சொல்லும்போது பொருள் விக்கிறவங்க மட்டும் இல்ல, பொதுஜனத்துக்கு சேவை வழங்குறவங்களும்னு ஒரு வார்த்தை இருக்கு. கலைஞர்கள்னு தனியா சொல்லல, ஆனா என் வாசிப்புல அந்த கதவு வழியா உள்ள போக முயற்சி பண்ணலாம், ஒவ்வொரு நகரத்துலயும் வியாபாரக் குழு இருக்கணும்னு அந்தச் சட்டம் சொல்லுது, அங்க மனு குடுக்கலாம். விலங்கு வெச்சு வித்தை காட்டறது வேற கதை, பாம்பும் குரங்கும் வேற சட்டங்களுக்குள்ள வரும், அதுல எனக்கும் அந்தச் சட்டங்கள் பக்கம்தான் மனசு. சின்னப் பிள்ளைங்கள கயித்து மேல ஏத்தறதும் அப்படித்தான், அந்த பிள்ளை ஸ்கூல்ல இருக்கணும், அவங்க அப்பன் ஆத்தாளுக்கு பொங்கலுக்கு சென்னை சங்கமத்துல கலைஞர்களுக்கு குடுக்கற மரியாதையும் சம்பளமும் வருஷம் பூரா கிடைக்கணும்.

நீங்க செய்ய வேண்டியது என்னன்னா, அடுத்த தடவ போறதுக்கு ஒரு வாரம் முன்னாடி ஸ்டேஷன் இன்ஸ்பெக்டருக்கும் மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கும் ஒரே மனுவ குடுங்க, எந்த இடம், எத்தனை மணிலேர்ந்து எத்தனை மணி, எத்தனை பேர், ஆம்ப் உண்டா இல்லையா, அவ்வளவுதான். நகல்ல சீல் வாங்காம வராதீங்க. பதில் வரலன்னாலும் அந்த சீல் போட்ட காகிதம் கிட்டார் பைக்குள்ளயே இருக்கட்டும். முடிஞ்சா ஆம்ப் இல்லாம பாடுங்க, நடைபாதைய விட்டு தள்ளி உக்காருங்க. யாராவது வந்து நிறுத்தச் சொன்னா நிறுத்திட்டு, எந்த பிரிவுன்னு மரியாதையா கேளுங்க. பொருளை எடுத்தா எழுத்துல ரசீது கேளுங்க, குடுக்கலன்னா எடுத்தவர் பேர், நேரம், வண்டி நம்பர் அங்கேயே குறிச்சுக்குங்க. பத்து ரூபா ஆர்டிஐ ஒண்ணு போட்டு போன வருஷம் பீச்சுல பாட எத்தனை பேருக்கு அனுமதி குடுத்தீங்க, எந்த விதிப்படின்னு கேளுங்க, வர்ற பதிலை எனக்கும் அனுப்புங்க.

இப்ப அந்த வரி. "எங்க பொருள் மறுநாளே கிடைச்சிருச்சு." ஐயாவோட ஸ்பீக்கர் என்ன ஆச்சு தம்பி? நீங்க எழுதல. உங்க அப்பாவுக்கு பேச ஒரு ஆள் இருந்தாங்க, அவருக்கு இல்ல, ஒரே ஜீப்புல ஏத்தின ரெண்டு பேர் பொருள்ல ஒண்ணு வீட்டுக்கு வந்துச்சு. உங்களுக்கு அது ஞாயித்துக்கிழமை சந்தோஷம், அவருக்கு அன்னிக்கு ராத்திரி சாப்பாடு. பாட்டரி வெச்ச அந்த பாக்ஸை அவர் கடன் வாங்கித்தான் வாங்கியிருப்பார்.

உங்களை குத்தம் சொல்ல எழுதல, இருபது வயசுல அந்த அதிர்ச்சில நானும் என் பொருளைத்தான் பாத்திருப்பேன். இந்த வாரமே அவரைத் தேடுங்க, அதே இடத்துக்கு போனா சுண்டல் விக்கிற பசங்களுக்கு கண்டிப்பா தெரியும். பாக்ஸ் இன்னும் ஸ்டேஷன்ல இருந்தா அவரையும் கூட்டிக்கிட்டு அப்பாவோட போங்க, அதே ஃபோனை அவருக்காகவும் ஒரு தடவ போடச் சொல்லுங்க. ஸ்டேஷன்ல குடுக்கிற மனுல உங்க மூணு பேருக்கு கீழ நாலாவதா அவர் பேரையும் எழுதுங்க, கைநாட்டு வெச்சாலும் செல்லும். கிடைச்சதா இல்லையான்னு எனக்கு எழுதுங்க, நான் காத்துட்டு இருப்பேன்.

அன்புடன்,
அக்கா