பக்கெட்டும் மண்டையும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பிளஸ் டூ வரை தமிழ்வழி. ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதுவதற்காக தினமும் ராத்திரி பத்து சாதாரண ஆங்கில வாக்கியங்களை எடுத்து, இடியம் (மரபுத்தொடர்) போட்டு மாற்றி எழுதிப் பழகுகிறேன். இடியம் இல்லாவிட்டால் 7 பேண்டு (மதிப்பெண்) வராது என்கிறார்கள். மூன்று வாக்கியங்கள் அனுப்புகிறேன். 'பலத்த மழை' என்பதை 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்றும், 'சரக்கு கப்பலில் ஏறவில்லை' என்பதை 'வி மிஸ்ட் த போட்' என்றும், 'அவருடைய அப்பா இறந்துவிட்டார்' என்பதை 'ஹிஸ் ஃபாதர் கிக்டு த பக்கெட்' என்றும் மாற்றியிருக்கிறேன். சரியா? நல்ல இடியம் புத்தகம் ஒன்றும் சொல்லுங்கள்.

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

மூன்றாவது வாக்கியத்தைப் படித்ததும் எழுந்து போய் ஒரு டீ போட்டுக் குடித்துவிட்டுத்தான் திரும்ப உட்கார்ந்தேன். காரணத்தை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் சில்லறைகளைத் தீர்த்துவிடுவோம். புத்தகம் சொல்லமாட்டேன். பூனை, நாய் மழையில் பிழை இல்லை, பழசு, அவ்வளவுதான். மேட்டுக்குடிக்காரர்கள் தேய்ந்துபோன தொடர்களாலேயே அரட்டை அடிப்பதைக் கிண்டல் செய்து 1738இல் ஜொனாதன் ஸ்விஃப்ட் ஒரு நூல் எழுதினார். இந்த மழை அதிலேயே பெய்துவிட்டது. ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வில் 7க்கு இடியம் கொஞ்சம் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் தேர்வு நடத்துகிறவர்கள் வெளியிட்டிருக்கும் அளவுகோலில் அதே இடத்திலேயே, நடை பற்றிய உணர்வும் எந்தச் சொல் எதனோடு சேரும் என்கிற உணர்வும் தெரியவேண்டும் என்று இருக்கிறது. உங்களுக்குச் சொன்னவர்கள் பாதியோடு நிறுத்திக்கொண்டார்கள்.

கப்பல் விஷயம் அவ்வளவு லேசில்லை. தூத்துக்குடியில் கட்-ஆஃப், அதாவது சரக்கை ஒப்படைக்கவேண்டிய கடைசி நேரம், தாண்டி கண்டெய்னர் நின்றுவிட்டது, அடுத்த வெசலில் ஏற்றப்போகிறீர்கள். நீங்கள் எழுதிய தொடருக்கோ வாய்ப்பு கைநழுவிப் போயிற்று, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று பொருள். பையர், அதாவது சரக்கு வாங்குகிறவர், டென்மார்க்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கும் ஆங்கிலம் படித்துத் தெரிந்த மொழிதான். நிஜக் கப்பலா, பேச்சுக் கப்பலா, ஆர்டர் இருக்கிறதா இல்லையா என்று மண்டையைப் பிய்த்துக்கொள்வார். யார் வேண்டுமானாலும் அந்தத் தொடரைத் தைரியமாகச் சொல்லலாம், கப்பலில் சரக்கு அனுப்புகிறவர் மட்டும் கொஞ்சம் யோசித்துச் சொல்லவேண்டும்.

சரி, பக்கெட்டுக்கு வருவோம்.

போன மாதம் ஊரில் பழைய வீட்டைக் காலி செய்தபோது என் சித்தப்பாவின் நோட்டு ஒன்று கிடைத்தது. கோயம்புத்தூரில் ஒரு மில்லில் குமாஸ்தாவாக இருந்தவர். நீளமான பேரேடு. இடது ஓரத்தில் சிவப்பு மையில் எண், அடுத்து ஆங்கிலத் தொடர், பிறகு ஸ்கேல் வைத்துப் போட்ட சமக்குறி, கடைசியில் பென்சிலில் தமிழ் அர்த்தம். நாளைக்கு ஒன்று என்ற கணக்கில் எழுதியிருக்கிறார். 88ஆவது, கிக் த பக்கெட். சமக்குறிக்கு அந்தப் பக்கம், 'இறத்தல்'.

1979இல் என் பாட்டி இறந்தாள். சித்தப்பா மில்லுக்கு லீவ் லெட்டர் எழுதினார். வெறும் 'டைடு' போதாது என்று நினைத்திருப்பார். பெற்ற அம்மா ஆயிற்றே, தன்னிடமிருந்த ஆங்கிலத்தில் உசத்தியானதைத்தானே எடுத்துப் போடுவார்! 'மை மதர் கிக்டு த பக்கெட் லாஸ்ட் நைட்.' மேனேஜர் அதை நாலு பேரைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினாராம். பதினாறாம் நாள் காரியம் முடித்துப் போனவருக்கு அங்கே புதுப் பெயர் காத்திருந்தது: பக்கெட் சார். ரிட்டயர் ஆகும்வரை அதுதான். ஒரு கல்யாணத்தில் மில்காரர் ஒருவர் சொல்லி அந்தப் பெயர் எங்கள் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. எனக்கு அப்போது பத்து வயசு. நானும் சிரித்தேன். பந்தியில் பாயசம் பரிமாறிக்கொண்டிருந்த சித்தப்பா, நான் சிரித்ததைப் பார்த்தார்.

அந்தச் சமக்குறிதான் அவரைக் கெடுத்தது. தமிழில் சாவுக்கு எத்தனை சொல் வைத்திருக்கிறோம்! மில் முதலாளி காலமானார். பக்கத்து வீட்டுத் தாத்தா தவறிட்டார். மடாதிபதி பரிபூரணம் அடைந்தார். கடன் வாங்கித் திருப்பித் தராதவன் மண்டையைப் போட்டான். நாலுக்கும் 'இறத்தல்' என்று சமக்குறி போட்டு ஒரு வெள்ளைக்காரனுக்குக் கொடுங்கள், துஷ்டி கேட்கப் போன வீட்டில் "உங்கப்பா மண்டையைப் போட்டாராமே" என்று பணிவாகக் கேட்டு உதை வாங்கி வருவான். கிக் த பக்கெட்டும் அந்த ரகம்தான். 1785இல் ஃபிரான்சிஸ் குரோஸ் அதைச் சேர்த்தது கொச்சைச் சொற்களுக்கென்றே போட்ட அகராதியில். சித்தப்பா மட்டும் பென்சிலில் 'மண்டையைப் போடுதல்' என்று எழுதியிருந்தால் அந்த லெட்டரை எழுதியிருக்கவே மாட்டார். அதைச் செயப்பாட்டு வினையாகத் திருப்பிப் போடவும் முடியாது, பாருங்கள். 'மண்டை அவரால் போடப்பட்டது' என்றால் போலீஸ்தான் வரும். பக்கெட்டும் அப்படியே.

சித்தப்பா தனி ஆளும் இல்லை. 1873இல் கல்கத்தாவில் நீதிபதி அனுகூல் சந்திர முகர்ஜியின் வாழ்க்கை வரலாறு ஆங்கிலத்தில் வந்தது, எழுதியது அவர் குடும்பத்துப் பிள்ளையே. நீதிபதி சாகக் கிடக்கிறார், பெரிய டாக்டர்கள் எல்லாம் வந்து பார்க்கிறார்கள், ஆனால் அது ஆட்டுக்கிடாயில் பால் கறந்தது போல ஆயிற்று என்று எழுதுகிறார். 1897இல் அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் தன் பயண நூலில் அந்தப் பத்தியை எடுத்துப் போட, உலகமே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வரத்தான் செய்கிறது. ஆனால் தமிழில் ஒருமுறை சொல்லிப்பாருங்கள்: "எத்தனை டாக்டரைக் கூட்டிவந்து என்ன, கிடாயில் பால் கறந்த கதைதான்." இழவு வீட்டுத் திண்ணையில் எந்தப் பெரியப்பாவும் சொல்லக்கூடியது. துக்கம் அசல், தொடரும் அசல், உட்கார்ந்திருந்த இடம்தான் பிசகிவிட்டது.

அதனால்தான் கோபம் வருகிறது. 'ஹிஸ் ஃபாதர் டைடு' என்பதில் என்ன குறை கண்டீர்கள், எதற்காக அதை மாற்றவேண்டும்? நேரான வாக்கியம் என்றால் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மட்டும் ஏன் கூச்சம் வருகிறது? "எனக்கே காது குத்துறியா" என்பதை யாராவது மாற்றி எழுதும் பயிற்சி வைத்தா கற்றுக்கொண்டீர்கள்? யாரோ யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. அதை மாமனாரிடம் சொல்லக்கூடாது என்பதும் அதோடேயே சேர்ந்து வந்துவிட்டது. ராத்திரி பத்து வாக்கியத்தை மாற்றுகிற நேரத்தில் ஏதாவது ஆங்கில நாடகம், பேட்டி கேளுங்கள். ஒரு தொடர் கிடைத்தால் குறித்துக்கொள்ளுங்கள், யார் சொன்னார், யாரிடம், என்ன முகத்தோடு என்பதையும் சேர்த்து. அர்த்தம் எழுதாதீர்கள், தமிழில் அதே வாய் என்ன சொல்லும் என்று எழுதுங்கள். கிடைக்காவிட்டால் காலியாக விடுங்கள். வாரத்துக்கு ஒன்று கிடைத்தாலே அதிகம்.

சித்தப்பாவின் நோட்டு 412ஓடு நிற்கிறது. லெட்டருக்கு முன்னாலேயே நின்றதா, பின்னாலா என்று தேதி இல்லாததால் தெரியவில்லை.

இன்னொன்று. அந்தக் கப்பல் வாக்கியம் வெறும் பயிற்சிதானே? பையருக்கு அனுப்பிவிடவில்லையே? அதை மட்டும் உடனே எழுதுங்கள்.